தங்கமா, முலாமா? – வாசகர் கேள்வி பதில்

அட்சய திருதியைக்கும், தீபாவளியை ஒட்டி வரும் தந்தேரஸுக்கும் தங்க, வெள்ளிக் காசு வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் சந்தேகப்படும் மும்பை வாசகர்களின் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளை இணைத்து, சில கடிதங்களைச் சுருக்கி இங்கே பதில் தந்திருக்கிறோம்.

ஜவேரி பஜாரில் 10 கிராம் 24 காரட் தங்கக்காசு ஒன்று வாங்கினேன். அட்டையில் வராத காசு. கீறாமல், அமிலம் படாமல், வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?
– வாசகி, மாட்டுங்கா

உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரும் நல்ல தராசும் போதும். தங்கத்தின் அடர்த்தி 19.3. அதாவது ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம் எடை இருக்கும். செம்பு 8.96, வெள்ளி 10.49, பித்தளை எட்டரைக்குப் பக்கத்தில். ஆகவே எடையைச் சரியாக வைத்துப் பித்தளையில் காசு செய்தால் அது இரண்டு மடங்குக்கும் மேல் பருமனாக இருக்க வேண்டும். பருமனைச் சரியாக வைத்தால் எடை பாதிகூட வராது. இரண்டையும் ஒன்றாக அளப்பதுதான் இந்தச் சோதனை.

200 கிராம் வரை தாங்கி, 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு வேண்டும். 0.1 கிராம் தராசு இதற்கு உதவாது. முதலில் காசை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லேசான பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, ஒரு துளி பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டு, தராசின் மேல் வைத்து பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தராசின் இரு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். அந்தப் பென்சிலில் மெல்லிய நைலான் இழையைக் கட்டி, காசை அதில் தொங்கவிடுங்கள். காசு முழுவதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. இப்போது தராசு காட்டுவது, காசு ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

உங்கள் 10 கிராம் காசு சுத்தத் தங்கமானால் தராசு 0.52 காட்டும். 22 காரட் தங்கத்தை 24 என்று விற்றிருந்தால் 0.56 அல்லது 0.57. வெள்ளிக்குத் தங்க முலாம் பூசியிருந்தால் 0.95. செம்பானால் 1.12. சந்தையில் அதிகம் நடப்பது பித்தளைக் காசை விற்கும் மோசடி அன்று, காரட்டைக் குறைத்து விற்பதுதான் என்பது எங்கள் எண்ணம். அந்த 0.52-க்கும் 0.57-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிப்பதால்தான் இந்தச் சோதனையை முதலில் சொல்கிறோம்.

எங்கே தவறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மின்விசிறி ஓடினால் எண் நிலைக்காது, நிறுத்திவிடுங்கள். ரயில் பாதையோரக் குடியிருப்பு என்றால் வண்டி போகும்வரை பொறுங்கள். காசை இழையோடு கையில் பிடித்துத் தொங்கவிட்டால் கை நடுக்கமே 0.02, 0.03 என்று ஆட்டும், பென்சில் வைக்கச் சொல்வது அதனால்தான். காசின் எழுத்துப் பள்ளங்களில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொள்ளும். கடுகைவிடச் சற்றுப் பெரிய ஒரு குமிழி போதும், 0.52 என்பது 0.53 ஆகிவிடும், நல்ல தங்கமே மட்டமாகத் தெரியும். சோப்புத் துளி விடுவது குமிழி ஒட்டாமல் இருக்கத்தான். அப்படியும் ஒட்டினால் இழையை லேசாகச் சுண்டுங்கள். காசு அடியைத் தொட்டுவிட்டால் எண் ஒரேயடியாக ஏறிவிடும், அதை உடனே கண்டுபிடிக்கலாம். மூன்று முறை செய்து, மூன்றும் ஒத்துவந்தால் நம்புங்கள்.

1 கிராம் காசுக்கு இது பயன்படாது. அது ஒதுக்கும் தண்ணீர் 0.05 கிராம்தான். தராசு ஒரு புள்ளி தவறினாலே அடர்த்தி 20 என்றும் 16.7 என்றும் மாறும். ஐந்து காசுகளைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டால் ஓரளவு தெரியும். ஆனால் அதில் ஒன்று மட்டமாக இருந்தால் மற்ற நான்கும் அதை மறைத்துவிடும்.

தீபாவளிக்குத் தொழிற்சாலையில் கொடுத்த லட்சுமி வெள்ளிக்காசின் மேல் ஐஸ் கட்டி வைத்தேன், மளமளவென்று உருகியது. அப்படியானால் சுத்த வெள்ளிதானே?
– வாசகர், தாராவி

அந்தச் சோதனையை நம்பி முடிவுக்கு வராதீர்கள். வெள்ளி வெப்பத்தை வேகமாகக் கடத்தும், அதனால் ஐஸ் சீக்கிரம் உருகும் என்பது உண்மை. ஆனால் வெள்ளியின் கடத்தும் திறனை 100 என்று வைத்தால் செம்புக்கு 93 வரும். செம்புக் காசுக்கு வெள்ளி முலாம் பூசினால் ஐஸுக்கு வித்தியாசமே தெரியாது. வெள்ளிக்காசுப் போலிகளில் செம்பும் ஜெர்மன் சில்வரும்தான் அதிகம். ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, பெயரில் மட்டும்தான் வெள்ளி.

மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். 10 கிராம் சுத்த வெள்ளிக்கு 0.95, செம்புக்கு 1.12, ஜெர்மன் சில்வருக்கு 1.15 அளவில் வரும். இந்த இடைவெளி பெரியது, ஏமாற வாய்ப்பில்லை. காசின் விளிம்பையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முலாம் முதலில் தேய்வது அங்கேதான், கீழே சிவப்பாகத் தெரிந்தால் செம்பு.

இன்னொன்று. காசு கறுத்துப் போவது போலியின் அடையாளம் இல்லை. காற்றிலுள்ள கந்தகம் பட்டுத்தான் வெள்ளி கறுக்கிறது. காசுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைக்காதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு, ரப்பர் பட்ட இடமே கோடாகக் கறுக்கும். பச்சை பூத்தால்தான் கவலைப்பட வேண்டும், அது செம்பு.

ஒரு கிலோ வெள்ளிக் கட்டி வாங்க நினைக்கிறேன். அதற்கும் தண்ணீர்ச் சோதனை போதுமா?
– வாசகர், செம்பூர்

கட்டி பெரிதாக ஆக அடர்த்தியை மட்டும் நம்புவது ஆபத்து. தங்கத்தைவிட வெள்ளியில் இது இன்னும் அதிகம். ஏனென்றால் ஈயத்தின் அடர்த்தி 11.34, வெள்ளியைவிடக் கூட. ஈயத்தோடு லேசான உலோகத்தைக் கலந்து வெள்ளியின் அடர்த்திக்குக் கொண்டுவந்து, உள்ளே வைத்து மேலே வெள்ளித் தோல் போர்த்திவிட்டால் தண்ணீர் ஏமாந்துவிடும். எனவே ஒன்று தவறும் இடத்தில் மற்றொன்று பிடிக்கும்படி இரண்டு சோதனைகள் வேண்டும்.

முதலாவது தண்ணீர். பாக்கெட் தராசு இங்கே தாங்காது, பாத்திரம், தண்ணீர், ஒதுக்கும் எடை எல்லாம் சேர்ந்து தராசின் மேல்தான் இருக்கும். 1 கிராம் காட்டும் 5 கிலோ சமையலறைத் தராசு போதும். கிலோ கட்டி 95 கிராம் தண்ணீரை ஒதுக்க வேண்டும். செம்பானால் 112 வரும்.

இரண்டாவது காந்தம். சாதாரணக் காந்தம் உதவாது, நியோடிமியம் காந்தம் வாங்குங்கள், ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இருந்தால் போதும். கட்டியைச் சாய்வாக நிறுத்தி, மேலிருந்து காந்தத்தை வழுக்க விடுங்கள். வெள்ளி காந்தத்தை ஈர்ப்பதில்லை. ஆனால் ஓடும் காந்தம் வெள்ளிக்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும், அந்த மின்னோட்டம் காந்தத்தைப் பிடித்து இழுக்கும். எண்ணெயில் விழுந்ததுபோல் மெதுவாக இறங்கிவரும். பார்த்தால் மறக்க மாட்டீர்கள். ஈயமும் வெள்ளீயமும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாதவை, அவற்றின் மேல் காந்தம் சட்டென்று வழுக்கி விழும். செம்பிலும் மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் செம்பைத் தண்ணீர்ச் சோதனை ஏற்கெனவே காட்டிக்கொடுத்திருக்கும். காந்தம் ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது, அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய 10 கிராம் காசில் இந்த மெதுவோட்டம் தெளிவாகத் தெரியாது. 50 கிராமுக்கு மேல் நன்றாகத் தெரியும்.

கடையில் மெஷினில் வைத்து 99.9 என்று சீட்டுக் கொடுத்தார்கள். அதற்கு மேலும் சந்தேகப்பட வேண்டுமா?
– வாசகர், முலுண்ட்

அந்த மெஷின் எக்ஸ்.ஆர்.எஃப். என்ற எக்ஸ்ரே கருவி. உலோகத்தின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, திரும்பி வரும் கதிரை வைத்து எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று சொல்லும். பொருளுக்குச் சேதம் இல்லை, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், நகைக்கு அருமையான கருவி. ஆனால் தங்கத்தில் அது பார்ப்பது மேல்பரப்பில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழம்வரைதான். அதற்கும் தடித்த தங்கத் தோல் இருந்தால், உள்ளே என்ன இருந்தாலும் 99.9 என்றே சீட்டு வரும். மெஷினும் பொய் சொல்லவில்லை, கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. மெஷினிடம் தோலைப் பற்றிக் கேட்டோம், அது தோலைப் பற்றிச் சொன்னது.

10 கிராம் காசானால் மெஷின் சீட்டோடு தண்ணீர்ச் சோதனையும் ஒத்துவந்தால் நிம்மதியாக இருங்கள். 50, 100 கிராம் பிஸ்கட், பத்து தோலா கட்டி என்று போகும்போது டங்ஸ்டன் என்ற உலோகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதன் அடர்த்தி 19.25. தண்ணீரால் தங்கத்தையும் அதையும் பிரிக்க முடியாது. ஆனால் அதற்கும் பலவீனம் உண்டு. ஒலி தங்கத்துக்குள் விநாடிக்கு 3,240 மீட்டர் வேகத்தில் போகும், டங்ஸ்டனுக்குள் 5,200 மீட்டர். அல்ட்ராசவுண்ட் தடிமன் அளக்கும் கருவியைத் தங்கத்தின் வேகத்துக்கு அமைத்து, கட்டியின் மேல் வையுங்கள். அது காட்டும் தடிமனும் வெர்னியர் என்ற அளவுகோலில் அளந்த தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் கட்டி முழுக்க டங்ஸ்டனாக இருந்தால் கருவி 3.1 என்றுதான் காட்டும். ஓர் இடத்தில் பார்த்துவிட்டு விடாமல், நான்கு மூலையும் நடுவும் பாருங்கள். மின்கடத்தும் திறனை அளக்கும் கருவியும் இரண்டையும் பிரித்துவிடும், அட்டையைப் பிரிக்காமலே அளக்கும் வகையும் இருக்கிறது. இவை எதுவும் இல்லாத இடத்தில், கட்டியை வெட்டிப் பார்ப்பதுதான் வழி.

சின்னக் காசில் டங்ஸ்டன் பயம் குறைவு. அது கடினமானது, நொறுங்கக்கூடியது, 3,400 டிகிரி தாண்டித்தான் உருகும். தங்கத்தைப்போல் அச்சில் அடித்து உருவம் எடுக்க முடியாது. ஆகவே காசின் முகமும் எழுத்தும் கூர்மையாக, விளிம்பில் ஒட்டுத் தெரியாமல் இருந்தால் அதுவே நல்ல சான்று.

பத்து தோலா என்றதால் ஒரு குறிப்பு. பழைய தோலா 11.66 கிராம், பத்து தோலா கட்டி 116.64 கிராம் இருக்க வேண்டும். ஆனால் மும்பையில் பேச்சுவழக்கில் 10 கிராமையே தோலா என்பார்கள். விலை பேசுமுன் எந்தத் தோலா என்று கேட்டு, பில்லில் கிராமில் எழுதி வாங்குங்கள்.

என் காசில் எச்.யு.ஐ.டி. எண் இல்லை. அப்படியானால் போலியா?
– வாசகி, சயான்

இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் எச்.யு.ஐ.டி. என்ற, ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகத் தரும் ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண் இல்லாமல் விற்கக்கூடாது என்ற கட்டாயம் தங்க நகைகளுக்குத்தான். காசும் கட்டியும் அந்தக் கட்டாயத்துக்குள் வரவில்லை. எனவே காசில் பார்க்க வேண்டியது வேறு: தயாரித்த நிறுவனத்தின் பெயர், எடை, 999 அல்லது 995 என்ற தர எண், அட்டையில் வரிசை எண். மத்திய அரசு நிறுவனமான எம்.எம்.டி.சி. 2015 நவம்பரில் வெளியிட்ட இந்தியத் தங்கக்காசில் ஒரு பக்கம் அசோகச் சக்கரமும் மறுபக்கம் காந்தியடிகளும் இருப்பார்கள்.

காசில் ஹால்மார்க் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது என்றால் ஹால்மார்க்கைக் கவனிக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். அங்கே வரும் பொருளின் வகையும் தரமும் கையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். உண்மையான மோதிரத்தின் எண்ணை வேறொரு பொருளில் பொறித்திருந்தால் அங்கேதான் அகப்படும். ஹால்மார்க் இட்ட பொருளில் தரம் குறைந்தது நிரூபணமானால், குறைந்த தரத்துக்கான வித்தியாசத் தொகையைப்போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குச் சேர வேண்டும். பில் இல்லாவிட்டால் இதைக் கேட்கவே முடியாது. எடை, தரம், அன்றைய விலை, 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் பில்லில் தனித்தனியாக இருக்கட்டும். வங்கியில் வாங்கும் காசு என்றால் இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: வங்கி விற்கும், திரும்ப வாங்காது.

பாட்டி பெட்டியில் விக்டோரியா, ஜார்ஜ் மன்னர் ரூபாய்கள் இருபதுக்கு மேல் இருந்தன. சில காந்தத்தில் ஒட்டுகின்றன. பாட்டியை ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், அந்தாப் ஹில்

பாட்டியை யாரும் ஏமாற்றவில்லை என்று நம்புகிறோம். ஒட்டும் காசுகளின் ஆண்டைப் பாருங்கள், 1947 என்று இருக்கும். அந்த ஆண்டு ரூபாய் நிக்கலில்தான் வெளிவந்தது. நிக்கல் காந்தத்தில் ஒட்டும். வெள்ளி இல்லையே தவிர, அவை அசல் நாணயங்கள்.

ரூபாயின் எடை அத்தனை காலமும் 11.66 கிராம்தான். மாறியது உலோகம். விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காசுகளில் வெள்ளி 91.7 சதவீதம். ஆறாம் ஜார்ஜின் 1938, 1939 காசுகளிலும் அப்படியே. போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, பாதி வெள்ளிதான். இந்த மூன்றையும் தண்ணீரே பிரித்துச் சொல்லும்: முதல் வகைக்கு 1.13, பாதி வெள்ளிக்கு சுமார் 1.22, நிக்கலுக்கு 1.31. தேய்ந்த காசு 11.4, 11.5 இருக்கலாம். அப்போது எடையை வகுத்து அடர்த்தியைப் பாருங்கள், முதல் வகைக்கு 10.3 வர வேண்டும்.

பழைய வெள்ளி விலையைவிடச் சேகரிப்பாளர் விலை அதிகம் என்பதால், வெள்ளியிலேயே வார்த்த போலிகளும் உண்டு. அங்கே தண்ணீர் உதவாது, எழுத்துத்தான் உதவும். விக்டோரியா காசில் 1876 வரை ‘குயின்’, 1877 முதல் ‘எம்பிரஸ்’. 1862 என்று போட்டு எம்பிரஸ் என்றிருந்தால் அது போலி. வார்ப்புக் காசின் முகத்தில் ஊசிக் குத்துப்போல் நுண்துளைகள் தெரியும், விளிம்பில் அரம் வைத்து ராவிய தடம் இருக்கும். அச்சில் அடித்த காசில் இரண்டும் இராது. விற்குமுன் பளபளப்பாக்குகிறேன் என்று புளி, பற்பசை எதையும் தொடாதீர்கள், தேய்த்த காசைச் சேகரிப்பாளர் வெள்ளி விலைக்குத்தான் கேட்பார்.

தாத்தாவின் குதிரைப் பவுனைக் கடையில் எடை போட்டால் 7.98 வருகிறது. எட்டுக்குக் குறைவு, யாரோ சுரண்டிவிட்டார்கள் என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், தாராவி

சுரண்டவில்லை. பிரிட்டிஷ் சவரனின் எடையே 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், தரம் 22 காரட். நம் ஊரில் பவுன் என்றால் எட்டு கிராம் என்று முழுமையாக்கிக் கொண்டோம். தண்ணீரில் 0.45 காட்டினால் சந்தோஷமாக இருங்கள்.

குதிரையின் கீழே, ஆண்டுக்கு மேலே உள்ள தரைக்கோட்டின் நடுவில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். இருந்தால் அது நம் மும்பையிலேயே அடித்த பவுன். 1918-ஆம் ஆண்டு மட்டும் இங்கே சவரன் அடித்தார்கள். ஜார்ஜ் மன்னரின் தலையும் ‘ஐ’ எழுத்தும் இருந்து, ஆண்டு 1918 அல்லாமல் வேறாக இருந்தால் அதை அடித்தவர் வேறு யாரோ. அப்படிப்பட்ட போலிப் பவுன்களிலும் சில நல்ல தங்கத்தில் இருக்கும், தங்க விலை கிடைக்கும், பழமை விலை கிடைக்காது.

கட்டிட வேலை நடக்கும் இடத்தில் மண்ணுக்குள் கிடைத்தது என்று ஒருவர் ஒரு தங்கக்காசு கொடுத்தார். சோதித்தோம், அசல். மீதி ஒரு பையை மலிவாகத் தருகிறாராம். ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818 கிழக்கிந்தியக் கம்பெனி காசும் அதில் உண்டாம்.
– வாசகர், கல்யாண்

தயவுசெய்து வாங்காதீர்கள். உங்களுக்குச் சோதிக்கக் கொடுத்தது ஒன்றே ஒன்று, அது அசலாகத்தான் இருக்கும். ஏமாற்று அந்த ஒரு காசில் இல்லை, பையில் இருக்கிறது. பையில் உள்ள ஒவ்வொன்றையும் நீங்களே எடுத்து எடைபோட அவர் விடமாட்டார், அவசரம் என்பார், போலீஸ் வரும் என்பார். ராமர், அனுமன் உருவத்தோடு கம்பெனி பெயர் போட்ட காசுகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. அவை பின்னாளில் அடித்த வில்லைகள். உண்மையிலேயே மண்ணில் புதையல் கிடைத்திருந்தாலும், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே போலியானால் பணம் போகும், அசலானால் வழக்கு வரும்.

உரைகல்லும் அமிலமும் வாங்கி வீட்டிலேயே மாற்றுப் பார்க்கலாமா?
– வாசகி, மாட்டுங்கா

வேண்டாம். நைட்ரிக் அமிலம் தோலை எரிக்கும், அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும், பத்துக்குப் பத்து அறையில் குழந்தைகளோடு வைத்திருக்கும் பொருள் இல்லை. வெள்ளி சோதிக்கும் சிவப்புத் திரவத்தில் பைக்ரோமேட் இருக்கும், அது புற்றுநோய் உண்டாக்கும். பழகிய பத்தரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். காசின் முகத்தில் உரைக்காமல் விளிம்பில் உரைக்கட்டும். ஒரே இடத்தில் நான்கைந்து முறை உரைத்து, கடைசிக் கோட்டில் அமிலம் விடட்டும். முதல் கோட்டில் முலாம்தான் கல்லில் ஒட்டும்.